மலைக்கணவாயும் கடற்கணவாயும்

கணவாய் என்னும் சொல் தமிழில் இரு பொருள் தரும். மலைகளுக்கு இடையே மக்கள் கடந்து செல்லும் ஒடுங்கிய வழி கணவாய் எனப்படும். பாலக்காட்டுக் கணவாயையும் கைபர்க் கணவாயையும் பள்ளிச் சிறுவரும் அறிவர். கடலில் வாழும் ஒருவகை மெல்லுடல் உயிருக்கும் கணவாய் என்றே பெயர். இராமேசுவரத்திலும் தூத்துக்குடியிலும் பரதவர் வீட்டுக் குழந்தை முதலில் அறிவது இந்த இரண்டாம் பொருளையே.

பகாங் மாநிலத்துக் கேமரன் மலையில் நிலைமை வேறு. 1929-இல் ஜே. ஏ. ரஸ்ஸல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கிய நாள்தொட்டு, ரிங்லெட், தானா ராத்தா, பிரிஞ்சாங் வட்டாரங்களில் தமிழர் கொழுந்து கிள்ளி வாழ்ந்து வந்திருக்கின்றனர். மலாயாத் தோட்டங்களுக்கு வந்தவருள் பெரும் பகுதியினர் திருச்சி, தஞ்சை, சேலம், வட ஆர்க்காடு முதலிய மாவட்டங்களின் உழவூர்களிலிருந்து புறப்பட்டவர்கள். கடற்கரைப் பேச்சு அவர்களுள் பலருக்கு முன்பே தொலைவு. மலையேறிய பின் இன்னும் தொலைவாயிற்று. அம்மலையில் வளரும் பிள்ளைக்குக் கணவாய் என்றால் மலைவழி. சந்தையில் பனிக்கட்டியின்மேல் கிடக்கும் அவ்வுயிரை மலாய்ச் சொல்லால் ‘சோத்தோங்’ என்று கேட்டு வாங்குவதே பல வீடுகளில் வழக்கம். பாடநூலிலோ செய்தித்தாளிலோ அதன் உறவினம் வரும்போது ‘ஆக்டோபஸ்’ என்றோ ‘எண்காலி’ என்றோ பெயர் பூண்டு வருகிறது. சந்தைக்கு ஒரு பெயர், வகுப்புக்கு ஒரு பெயர், தமிழ்க் கடற்கரைக்கு ஒரு பெயர் என மூன்றும் ஒன்றையொன்று அறியாமல் நிற்கின்றன.

இது வெறும் சொற்சிக்கலாயின் அகராதிக்காரரிடம் விட்டுவிடலாம். ஆனால் கடந்த இருபது ஆண்டுகளில் ஆழ்கடற் கணவாய்களைப் பற்றி அறிஞர் கண்டவை, உயிர்நூலின் மிகச் சிறந்த பக்கங்களுள் வைக்கத் தக்கவை. அவை எந்தச் சொல்லில், எந்தச் சித்திரத்தோடு தமிழ்ப் பிள்ளையைச் சென்றடைகின்றன என்பதே ஆராயத் தக்க வினா. இதற்கு விடை காண, முதலில் ஒரு பிரெஞ்சு நாவலிடம் செல்லவேண்டியிருக்கிறது.

ஹியூகோவின் பிழையும் பெருமையும்

விக்டர் ஹியூகோவைத் தமிழர் அறிவர். சுத்தானந்த பாரதியார் தமிழாக்கிய ‘ஏழை படும் பாடு’ வழியாக அவர் பெயர் தமிழ்நாட்டிலும் கடல் கடந்த தமிழரிடையிலும் பரவியது. அதே ஹியூகோ, கெர்ன்சி என்னும் தீவில் நாடு கடந்து வாழ்ந்த காலத்தில் எழுதி, 1866-இல் வெளியிட்ட நாவல் ‘கடல் உழைப்பாளிகள்’. அதன் தலைவன் ஜில்லியாத் ஒரு கடற்குகையில் எட்டுக் கையுள்ள உயிரிடம் அகப்பட்டுப் போராடும் பகுதி உலகப் புகழ் பெற்றது. அவ்வுயிர் மனிதனைப் பற்றிக்கொண்டு, தன் உறிஞ்சிகளால் அவன் உயிர்ச்சாற்றையே குடித்துவிடும் என்று ஹியூகோ அங்கே சித்திரித்தார். புலி தின்னும், இதுவோ உறிஞ்சும் என்னும் ஒப்பீட்டால் படிப்போர் உள்ளத்தில் அச்சத்தை ஏற்றினார்.

கவிதை என்ற அளவில் அப்பகுதியின் ஆற்றலை மறுப்பார் இலர். உயிர்நூல் என்ற அளவில் அது பிழை. பிரைட்டன் நகரத்து மீன்காட்சிச் சாலையில் பணியாற்றிய ஹென்றி லீ என்னும் இயற்கை நூலார், கதையில் வரும் இவ்வுயிரையும் உண்மையில் உள்ள இவ்வுயிரையும் ஒப்பிட்டு 1875-இல் ஒரு நூலே எழுதினார். உறிஞ்சிகள் பற்றிக்கொள்வதற்கே உரியவை. அவற்றில் குருதி குடிக்கும் வாய் இல்லை. வாய், கைகள் கூடும் நடுவிடத்தில் கிளியலகு போன்ற கடிய அலகோடு இருக்கிறது. இரையைக் கொல்வது அந்த அலகே.

ஹியூகோவுக்குப்பின் ஜூல்ஸ் வெர்ன் வந்தார். 1870-இல் நூலாக நிறைவுற்ற அவருடைய ஆழ்கடல் நாவலில், நாட்டிலஸ் என்னும் நீர்மூழ்கியை மாபெரும் உயிர்கள் சூழ்ந்துகொள்ள, மாலுமி ஒருவன் மாண்டுபோகிறான். 1861-இல் கனேரித் தீவுகளுக்கு அருகே அலெக்டன் என்ற பிரெஞ்சுக் கப்பல் பெருங்கணவாய் ஒன்றைச் சந்தித்த உண்மை நிகழ்ச்சியை வெர்ன் அங்கே நினைவூட்டுகிறார். இத்தகைய காட்சியை எழுத ஹியூகோவின் எழுதுகோலே வேண்டும் என்றும் கூறிப் பணிகிறார். ஆனால் தம் உயிருக்கு எட்டுக் கையே கொடுத்தார். அலெக்டன் கண்டது போன்ற பெருங்கணவாய்க்கு எட்டுக் கையும் அவற்றின் மேலாக இரண்டு நீள்கையும் உண்டு. இரண்டு இனத்தை ஒன்றாகக் குழைத்த இந்த மயக்கம், பின்வந்த படங்களிலும் திரைக்கதைகளிலும் இன்றுவரை தொடர்கிறது.

இவ்வளவில் நின்றுவிட்டால் ஹியூகோவுக்கு முழு நீதி வழங்கியதாகாது. அவர் செய்த மற்றொரு செயலைத் தமிழாசிரியர் கருத்தூன்றி நோக்கவேண்டும். அக்காலப் பிரெஞ்சு நூல் வழக்கில் இவ்வுயிருக்கு ‘பூல்ப்’ என்று பெயர். ஹியூகோ அதனோடு நின்றுவிடவில்லை. கெர்ன்சித் தீவின் வலைஞர் பேசிய ‘பியோவர்’ என்னும் வட்டாரச் சொல்லைத் தம் நாவலின் நடுவே வைத்தார். அந்த ஒரு நூலின் வலிமையால் அது பிரெஞ்சு மொழி முழுவதும் பரவி, இன்று பள்ளிக் குழந்தையும் வழங்கும் சொல்லாகிவிட்டது. உயிரைப் பற்றி அவர் சொன்னது பொய்த்தது. அதற்கு அவர் தேர்ந்த வலைஞர் சொல் வென்றது.

தமிழ் எழுத்தாளர் கைக்கொண்டது எது? ஹியூகோவின் பிழையைக் கைக்கொண்டனர். அவர் காட்டிய வழியைக் கைவிட்டனர். ஊழலை ஆக்டோபஸ் என்பதும், வட்டிக்கடனின் ஆக்டோபஸ் கரங்கள் என்பதும் தலையங்கங்களிலும் மேடைகளிலும் தேய்ந்துபோன உருவகங்கள். பற்றியதை விடாத பகை என்னும் அந்தச் சித்திரம் தமிழ்க் கடற்கரையில் பிறந்ததன்று. மேலைநாட்டு நாவல்களிலிருந்து ஆங்கிலத்தின் வழியே வந்தது. அதனோடு பெயரும் ஆங்கிலமாகவே வந்தது.

எண்காலி பொருந்துமா?

ஆங்கிலப் பெயரைத் தவிர்க்க விரும்பியோர் எண்காலி என்று ஆக்கினர். நோக்கம் நல்லது, ஆக்கம் ஆராயத் தக்கது. ஆக்டோபஸ் என்ற கிரேக்கச் சொல்லும் எட்டுக் காலையே குறிக்குமாதலின், மொழிபெயர்ப்பு என்ற வகையில் அதில் குறையில்லை. குறை, தமிழில் அது சென்று விழும் இடத்தில் உள்ளது. எட்டுக்கால் பூச்சி என்று சிலந்திக்குத் தமிழில் முன்பே பெயர் வழங்குகிறது. தேயிலைச் செடிகளுக்கிடையே வலை பின்னியிருக்கும் சிலந்தியை நாள்தோறும் காணும் பிள்ளையிடம் எண்காலி என்றால், அவன் மனத்தில் எழுவது அந்தச் சிலந்தியே. அன்றியும், அவ்வுயிரின் எட்டு உறுப்புகளும் நடப்பதோடு பற்றவும் துழாவவும் திறக்கவும் சுவைக்கவும் பயன்படுபவை. ஆகலின் காலென்பதினும் கையென்பதே பொருந்தும்.

இவற்றினும் பெரிய குறை ஒன்று உண்டு. எட்டு என்று எண்ணிப் பெயரிட்டால், பத்து உறுப்புடைய அதன் உடன்பிறப்புகளை என் செய்வது? எண்காலி ஒரு குடும்பமாகவும், கணவாய் மற்றொரு குடும்பமாகவும் பிரிந்துபோகும். ஆங்கிலத்தில் இம்மூவகை உயிர்க்கும் ஒன்றோடொன்று தொடர்பில்லாத மூன்று பெயர்கள் வழங்குவதால், அம்மொழி பேசும் பிள்ளை அவற்றின் உறவைத் தனியே கற்கவேண்டியிருக்கிறது. அந்த இடர்ப்பாட்டைத் தமிழ் தானே தேடி ஏற்கவேண்டியதில்லை.

கணவாய் மீன் என்பதும் பிழையே. மீனுக்கு முதுகெலும்பு உண்டு, இதற்கு இல்லை. நத்தை, சிப்பி, சங்கு ஆகியவற்றின் இனம் இது. தலையிலிருந்தே கைகள் புறப்படுவதால், பாடநூலார் இக்குடும்பத்தைத் தலைக்காலிகள் என்பர். அச்சொல் வகைநூலுக்குப் பொருந்தும்; எனினும் பேச்சில் புகுவது அரிது.

வலைஞர் வகுத்த வகை

இனி, கடற்கரைத் தமிழை நோக்கலாம். உடலுக்குள் தட்டையான வெண்ணிற ஓடு கொண்டதை ஓட்டுக்கணவாய் என்பர். ஊசிபோல் ஒடுங்கி நீண்டதை ஊசிக்கணவாய் என்பர். எட்டுக் கையுடன் பாறைப் பொந்தில் ஒளிவது பேய்க்கணவாய். கணவாய் என்பது குடும்பப் பெயர். முன்னே நிற்பது வேறுபடுத்தும் அடைமொழி. மூன்றும் ஒரு குடும்பத்தவை என்னும் உண்மை பெயரிலேயே அமைந்திருக்கிறது. உயிர்நூலார் உடலை அறுத்து ஆராய்ந்து நிறுவிய உறவை, வலைஞர் தம் வலையில் வந்ததைக் கண்ணால் கண்டே நிறுவினர் எனலாம். மலாய் வலைஞரும் இவ்வாறே சோத்தோங் என்ற பொதுப் பெயரின்பின் அடைமொழி சேர்த்து, ஓட்டுக்கணவாயைச் ‘சோத்தோங் காத்தாக்’, அதாவது தவளைக் கணவாய், என்பர். பேய்க்கணவாயைச் ‘சோத்தோங் குரித்தா’ என்பதும் உண்டு. இரு கடற்கரையினரும் ஒரே முறையில் எண்ணியிருக்கின்றனர்.

பேய் என்ற அடைமொழி ஹியூகோவின் அச்சத்தையே காட்டுகிறது என்று ஒருவர் தடை கூறலாம். தமிழ் வழக்கை நோக்கின் அத்தடை அவ்வளவு வலியதாகத் தோன்றவில்லை. பேய்ப்புடல், பேய்ச்சுரை, பேய்க்கரும்பு எனச் செடிகொடிகளிலும் அவ்வடைமொழி வழங்குகிறது. அங்கெல்லாம் அது வீட்டுக்கு ஆகாத காட்டுவகை என்னும் பொருளதே, அச்சம் ஊட்டுவதன்று. தமிழ்க் கடற்கரையில் பேய்க்கணவாய் நெடுங்காலம் உணவாக விரும்பப்படாமல் தூண்டில் இரையாகவே பெரிதும் பயன்பட்டது. ஆதலின் இங்கும் பேய் என்பதற்கு அப்பொருள் கொள்ள இடமுண்டு.

வலைஞர் அதை எவ்வாறு அறிந்திருந்தனர் என்பதற்கு அவர்கள் பிடித்த முறையே சான்று. பாக்கு நீரிணைப் பகுதியில் விரல்கள் போன்ற கூர்களை உடைய பெரிய சங்கு ஓடுகளை நீண்ட கயிற்றில் வரிசையாகக் கட்டிக் கடலடியில் இறக்கிவைப்பர். இரையும் இல்லை, முள்ளும் இல்லை. ஒளிய இடம் தேடும் பேய்க்கணவாய் தானே அந்த ஓட்டினுள் புகுந்துகொள்ளும். கயிற்றை இழுத்தால் ஓட்டோடு மேலே வரும். சென்னை மாகாண மீன்துறையில் பணியாற்றிய ஜேம்ஸ் ஹார்னெல் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இம்முறையைப் பதிந்து வைத்தார். ஹியூகோ கண்டது பாய்ந்து பற்றும் அரக்கன். பாக்கு நீரிணை வலைஞர் கண்டது வீடு தேடி ஒளியும் அச்சமுடைய உயிர். எது உண்மைக்கு நெருங்கியது என்பதைப் பின்வந்த ஆராய்ச்சி தெளிவாக்கியிருக்கிறது. நஞ்சுடைய நீலவளைய வகை ஒன்று மனித உயிருக்கே ஊறு செய்ய வல்லது என்பது மெய். அதுவும் துன்புறுத்தியவரையே கடிக்கிறது.

வலைஞர் வழக்கு முழுவதும் குற்றமற்றது என்று கொள்வதும் திறனாய்வு ஆகாது. ஓட்டுக்கணவாயின் ஓடு கரையில் ஒதுங்கினால் அதைக் கடல்நுரை என்று தமிழ் மருத்துவர் வழங்குவர். வெண்மையும் நொய்ம்மையும் கண்டு, நுரையே இறுகிற்று என்று எண்ணியிருக்க வேண்டும். உண்மையில் அது நுண்ணிய அறைகள் அடுக்கடுக்காய் அமைந்த ஒரு மிதவை. அவ்வறைகளிலிருந்து நீரை வெளியேற்றியும் உட்செலுத்தியும் அவ்வுயிர் தன் மிதப்பைச் சரிசெய்துகொள்கிறது என்பதை டென்டன், கில்பின்-பிரவுன் என்னும் இருவர் 1960-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பிளிமத் ஆய்வுக்கூடத்தில் காட்டினர். மருந்துப் பெயர் பிழை. வலைஞர் பெயராகிய ஓடு என்பதே சரி.

அந்த ஓட்டில் மற்றொரு செய்தியும் அடங்கியிருக்கிறது. கடலில் பத்து மீட்டர் இறங்குந்தோறும் ஒரு வளிமண்டல அளவு அழுத்தம் கூடும். சில நூறு மீட்டருக்குக் கீழே அந்த ஓடு நொறுங்கிப்போகும். எனவே ஓட்டுக்கணவாய் பேராழத்தில் வாழ்வதில்லை. ஆழத்துக் கணவாய்களுள் பல, காற்றறைக்கு மாறாக நீரினும் நொய்ய அம்மோனிய உப்பு நீரை உடலில் தேக்கி மிதக்கின்றன. ஓடற்ற எண்கைக் கணவாய்களோ ஏறத்தாழ ஏழாயிரம் மீட்டர் ஆழம் வரை செல்கின்றன. ஓடு உண்டா, இல்லையா என்று வலைஞர் வகுத்த வகை, எது எவ்வளவு ஆழம் செல்லும் என்பதற்கும் ஒருவகையில் திறவுகோலாக அமைந்துவிட்டது.

மலையே அளவுகோல்

ஆழ்கடலை மலைநாட்டுப் பிள்ளைக்கு விளக்குவது அரிது என்று எண்ண வேண்டியதில்லை. கடற்கரைப் பிள்ளைக்குக் கிட்டாத ஓர் அளவுகோல் அவனுக்குக் கிடைத்திருக்கிறது. தானா ராத்தா கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,440 மீட்டர் உயரத்தில் உள்ளது. தாப்பாவிலிருந்து வளைந்து வளைந்து ஏறும் பாதையில், வெம்மை குறைந்து குளிர் ஏறுவதைத் தன் உடலாலேயே அவன் அறிவான். அந்த உயரத்தைத் தலைகீழாகக் கடலுக்குள் இறக்கினால், கதிரொளி முற்றும் அற்ற இருளும், வெளியே உள்ளதினும் நூறு மடங்குக்கு மேற்பட்ட அழுத்தமும் உள்ள இடத்தை அடையலாம்.

கலிபோர்னியாவின் மான்டரே கடற்பள்ளத்தில், ஏறத்தாழ அதே 1,400 மீட்டர் ஆழத்தில், புரூஸ் ராபிசன் குழுவினர் 2007-இல் ஒரு தாய்க்கணவாயைக் கண்டனர். அது ஒரு பாறையில் முட்டைகளை ஒட்டி, அவற்றின்மேல் தன் கைகளைக் கவித்து அமர்ந்திருந்தது. நீரின் வெம்மை 3 பாகை அளவே. அவர்கள் மீண்டும் மீண்டும் அங்கே கருவியை இறக்கிப் பார்த்தனர்; பார்த்தபோதெல்லாம் அதே தாய், அதே பாறை. அருகே நண்டும் இறாலும் வந்தபோதும் அது உண்டதாக அவர்கள் ஒருமுறையும் காணவில்லை. நாளடைவில் அதன் உடல் வற்றி வெளிறியது. 2011 செப்டம்பருக்குப் பின் சென்றபோது தாய் இல்லை. குஞ்சுகள் வெளியேறிய முட்டைத் தோல்கள் மட்டும் பாறையில் இருந்தன. அடைகாத்த காலம் 53 மாதம். உலகில் அதுகாறும் அறியப்பட்ட எந்த உயிரும் அவ்வளவு நெடுங்காலம் முட்டை காத்ததில்லை. அத்தாய் அமர்ந்தபோது முதல் வகுப்பில் சேர்ந்த பிள்ளை, அது எழுந்தபோது ஐந்தாம் வகுப்பில் இருந்திருப்பான். இச்செய்தியை 2014-இல் வெளியிட்டனர். இவ்வுயிரையா அரக்கனுக்கும் கடன்காரனுக்கும் உவமையாக்குவது?

அதே கடற்பகுதியில் டேவிட்சன் கடல்மலையின் அடிவாரத்தில், 3,200 மீட்டர் ஆழத்தில், 2018-இல் மற்றொரு வியப்பு வெளிப்பட்டது. அங்கே பாறை இடுக்குகளில் வெதுநீர் கசிகிறது. அந்த வெப்பத்தை நாடி ஆயிரக்கணக்கான தாய்க்கணவாய்கள் கூடி அடைகாக்கின்றன. வெம்மையால் முட்டை விரைந்து பொரிகிறது. ஏறத்தாழ இரண்டாண்டுக்குள் குஞ்சு வெளிவருகிறது என்று 2023-இல் அறிவித்தனர். பிரிஞ்சாங் மலையின் உயரம் 2,000 மீட்டருக்குச் சற்று மேல். அதனினும் ஆழமான இருளில் இவ்வளவு பெரிய தாய்க்கூட்டம் இருப்பதை 2018-க்கு முன் எவரும் அறிந்திருக்கவில்லை.

மலேசியாவுக்கு அண்மையிலும் இத்தகைய செய்தி உண்டு. சாவகத்தின் தெற்கே இந்துமாக் கடலில் உள்ள சாவக அகழியில், 6,957 மீட்டர் ஆழத்தில் எண்கைக் கணவாய் ஒன்று நீந்துவதைப் படம் பிடித்ததாக ஆலன் ஜேமிசன், மைக்கேல் வெக்கியோன் இருவரும் 2020-இல் வெளியிட்டனர். மூன்று பிரிஞ்சாங் மலைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினும் அந்த ஆழத்திற்கு எட்டாது. தலையின் இருபுறமும் காதுபோன்ற துடுப்புகளை அசைத்து நீந்தும் அதனை, பறக்கும் யானைக்குட்டிக் கதையின் பெயரால் ‘டம்போ’ என்று மேலைநாட்டார் அழைக்கின்றனர். யானையை அறிந்த தமிழர் யானைச்செவிக் கணவாய் என்றால் யாருக்கும் விளங்கும்.

பெருங்கணவாயின் வரலாறும் இவ்வாறே பொய்யிலிருந்து மெய்க்கு வந்தது. 1857-இல் டென்மார்க்கு அறிஞர் ஸ்டீன்ஸ்ட்ரப் அதற்கு முறையான பெயரிட்டார். ஆயினும் உயிரோடு அதன் இருப்பிடத்திலேயே முதன்முதல் படம் பிடித்தவர்கள் ஜப்பானியராகிய குபோதேராவும் மோரியும். ஆண்டு 2004, ஆழம் 900 மீட்டர். மாகணவாய் என்னத்தக்க மற்றோரினம், திமிங்கலத்தின் வயிற்றிலிருந்து கிடைத்த கைத்துண்டுகளைக் கொண்டு 1925-இல் பெயர் பெற்றது. அதன் உயிருள்ள உருவைக் கடலில் கண்டு படம் எடுத்தது சரியாக நூறாண்டு கழித்து, 2025 மார்ச்சு மாதத்தில். அகப்பட்டது ஒரு முழத்திற்கும் குறைந்த குட்டி. கண்ணாடி போன்ற உடல். ஜூல்ஸ் வெர்னின் போர்க்களம் எங்கே, இருளில் தனித்து மிதந்த இக்குட்டி எங்கே!

பெயரிடுவோர்க்கு ஒரு நெறி

அறிஞரும் ஹியூகோவின் மயக்கத்திலிருந்து முற்றும் விடுபடவில்லை என்பதற்கு ஒரு சான்று கூறலாம். 1898–99-இல் வால்டிவியா என்னும் செருமானியக் கப்பலில் ஆழ்கடலை ஆராய்ந்த கார்ல் குன், கரிய தோலும் பெரிய கண்ணும் உடைய சிற்றுயிர் ஒன்றுக்கு 1903-இல் இலத்தீனில் பெயரிட்டார். அப்பெயரின் பொருள், நரகத்துக் குருதியுண்ணிக் கணவாய் என்பது. 2012-இல் அதன் உணவை ஆராய்ந்தபோது, மேலிருந்து பனிபோல் உதிரும் செத்தைத் துகள்களையே அது உண்பது தெரியவந்தது. குருதியுண்ணி என்றது வீண்பழி. இலத்தீனப் பெயரை இனி மாற்ற இயலாது. தமிழில் பெயரிடுவோர்க்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. குருதியுண்ணிக் கணவாய் என்று மொழிபெயர்த்து அப்பழியைத் தமிழிலும் ஏற்றாதிருத்தல் நன்று.

வலைஞர் சொல் எல்லாவற்றிற்கும் போதும் என்று வாதிடுவதும் பொருந்தாது. வலையும் தூண்டிலும் எட்டாத ஆழத்தில் வாழ்பவற்றுக்கு வலைஞரிடம் பெயர் இருக்க வழியில்லை. இங்கே இரண்டு நெறிகளைக் கைக்கொள்ளலாம். உயிர்நூலார் உலகெங்கும் வழங்கும் இலத்தீனப் பெயரை ஒலிபெயர்த்து அப்படியே கொள்வது ஒன்று. வகை காட்டும் அப்பெயரில் தன்மானம் பார்ப்பது தேவையற்றது. பேச்சுக்கும் பாடத்திற்கும் கணவாய் என்னும் குடும்பப் பெயரை நிறுத்தி, உயிரின் உண்மைத் தன்மை ஒன்றை அடைமொழியாக்குவது மற்றொன்று. பெருங்கணவாய், யானைச்செவிக் கணவாய், நீலவளையக் கணவாய் என்பன அவ்வாறு அமைவன. புதுச்சொல் படைப்போர் அகராதியைத் திறக்கும் முன் மண்டபத்துக்கும் தூத்துக்குடிக்கும் செல்வது நலம்.

சென்றவர் உண்டு. மண்டபத்தில் நடுவண் கடல்மீன் ஆராய்ச்சி நிலையம் 1947-இல் தொடங்கப்பெற்ற பின், கே. வீரபத்திர ராவ் பாக்கு நீரிணைக் கணவாயின் வாழ்வையும் பிடிப்பையும் ஆராய்ந்து 1954-இல் எழுதினார். இ. ஜி. சைலாஸ் பதிப்பித்த இந்தியக் கணவாய் வளம் பற்றிய பெருந்தொகுப்பு 1985-இல் வெளிவந்தது. ராவ் ஆராய்ந்த அகன்ற துடுப்புடைய கணவாயின் இனம் மலேசியக் கடல்களிலும் வாழ்கிறது. ‘சோத்தோங் மாபாங்’ என்று மலாய் வலைஞர் அழைப்பது அவ்வினத்தையே. பகாங், திரங்கானுக் கடற்கரைகளில் இரவில் விளக்கேற்றித் தூண்டிலிட்டுப் பிடிக்கும் கணவாய்களுள் அதுவும் ஒன்று. ஆனால் மேற்கூறிய ஆராய்ச்சி நூல்கள் ஆங்கிலத்தில் உள்ளன. தமிழ் வலைஞரிடமிருந்து பெற்ற செய்தி ஆங்கிலத்திற்குச் சென்று, அங்கிருந்து ஆக்டோபஸ் என்ற பெயரோடு தமிழுக்குத் திரும்பி வருகிறது. குறை ஆராய்ச்சியில் இல்லை. திரும்பி வரும் வழியில் இருக்கிறது.

ஆசிரியர் கையில் உள்ளது

மலேசியத் தமிழ்ப் பள்ளிகளில் இது ஏட்டளவில் நிற்கும் வழக்கன்று. 2003-இல் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்படத் தொடங்கின. அக்கொள்கையைக் கைவிடும் முடிவு 2009-இல் அறிவிக்கப்பட்டது. 2016-இல் இருமொழிப் பாடத்திட்டம் வந்தபோது தமிழ்ப் பள்ளிகளிடையே மீண்டும் வழக்கெழுந்தது. அப்போதெல்லாம் எழுந்த கேள்வி, அறிவியலைச் சொல்லத் தமிழில் சொல் உண்டா என்பதே. உண்டு என்று மேடையில் முழங்குவது எளிது. சிலந்தியோடு மயங்கும் எண்காலியைக் காட்டி முழங்கினால், கேட்போர் நகைப்பர். ஓட்டுக்கணவாய், ஊசிக்கணவாய், பேய்க்கணவாய் என்னும் மூன்றையும் கரும்பலகையில் எழுதி, ஓடு எங்கே இருக்கிறது, அது எதற்கு, அது இல்லாதது எவ்வளவு ஆழம் செல்லும் என்று வினவினால், அவ்வினாவே அறிவியலாகிவிடும்.

இதற்குப் பெருஞ்செலவு வேண்டுவதில்லை. சந்தையில் வாங்கிய சோத்தோங் ஒன்று போதும். அதன் உடலைக் கீறினால் கண்ணாடித் தகடு போன்ற மெல்லிய தண்டு கிடைக்கும். சங்கின் ஓடு தேய்ந்து தேய்ந்து எஞ்சியது அது என்று காட்டலாம். அதே குடும்பத்துக் கணவாய்களின் தடித்த நரம்பை ஆராய்ந்தே ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் மனித நரம்பில் செய்தி ஓடும் முறையை விளக்கினர் என்றும், அதற்காக 1963-இல் நோபல் பரிசில் பங்கு பெற்றனர் என்றும் சொல்லலாம். வீட்டுக் குழம்பில் வேகும் பொருள் உலக அறிவின் ஒரு வாயில் என்று அறியும் பிள்ளை, பின்னர் அதைச் சோத்தோங் என்று அழைத்தாலும் குற்றமில்லை. கணவாய் என்ற சொல்லும் தன்னுடையதே என்று அவன் அறிந்திருந்தால் போதும்.

மலையிலே வழிக்குக் கணவாய் என்று பெயர். கடலிலே உயிருக்குக் கணவாய் என்று பெயர். தேயிலை மலையில் நிற்கும் ஆசிரியர் முதற்பொருளைச் சொல்லி நிறுத்திவிடாமல் இரண்டாம் பொருளையும் சொல்வாராயின், அம்மலையிலிருந்து கடலுக்கு ஒரு வழி திறக்கும். அவ்வழிக்கும் கணவாய் என்றே பெயரிடலாம்.